விடுமுறை யாருடையது?

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து நம்மவர்கள் நாலைந்து பேர் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தோம். பேச்சு பிள்ளைகளின் பக்கம் திரும்பிற்று. பள்ளிக்கூட விடுமுறையில் வளர்ந்த பிள்ளைகளைக் கடையில் வேலைக்கு வைப்பதா, அன்றி அவர்கள் இஷ்டம் போல் ஓய்வாக விட்டுவிடுவதா என்பதே விஷயம்.

மூத்த வியாபாரி ஒருவர், "அந்த வயதில் நாம் மூட்டை தூக்கவில்லையா? தூக்கியதால் கெட்டா போய்விட்டோம்?" என்றார். இன்னொருவர், "ஆண்டு முழுவதும் புத்தகத்தோடு மாரடிக்கிற பிள்ளைகள் அண்ணே, நாலு நாள் தூங்கட்டுமே" என்றார். இரண்டு கட்சியும் சூடாக வாதாடின. நான் மட்டும் வாய் திறக்கவில்லை. நான் பேசாதிருந்ததற்குக் காரணம் உண்டு. அதை எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் மார்க்க மேதையல்லன், கல்வியிற் சிறந்தவனுமல்லன். மதரஸாவும் ஆரம்பப் பள்ளியுமே என் படிப்பு. ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தராசு பிடித்தவன். இரண்டு தட்டிலும் சரக்கை வைத்துப் பார்க்காமல் விலை சொல்லுவது எங்கள் தொழிலில் வழக்கமில்லை. ஆகவே இரண்டு தட்டையும் பார்ப்போம்.

வேலை வேண்டும் என்போர் சொல்வதில் உண்மை இருக்கிறது. கடையில் நிற்கும் பிள்ளை மனிதர்களின் முகத்தைப் பார்த்துப் பேசப் பழகுகிறான். மலாய்க்காரர் ஒருவர், சீனர் ஒருவர், நம்மவர் ஒருவர் என்று மூவர் ஒரே சமயத்தில் வந்தால் மூவருக்கும் அவரவர் பாஷையில் பதில் சொல்லக் கற்றுக்கொள்கிறான். பத்து வெள்ளி எத்தனை வாழ்த்துக்கும் எத்தனை வசவுக்கும் பிறகு கல்லாவில் விழுகிறது என்று தெரிந்துகொள்கிறான். கோபம் வந்தாலும் குரலை உயர்த்தாதிருப்பது எந்தப் புத்தகத்தில் எழுதியிருந்தாலும், கல்லாவில் நின்றால்தான் வரும். வீட்டில் சும்மா இருக்கிற பிள்ளை என்ன செய்கிறான்? பாதி இரவு வரை கைப்பேசியைத் தடவிவிட்டுப் பகலெல்லாம் தூங்குகிறான். அதை ஓய்வு என்று சொல்லலாமா?

மேலும், நம் முன்னோர் இம்மலாக்காவில் கடை விரித்தது இன்று நேற்றல்ல. இந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய கம்போங் கிளிங் பள்ளிவாசல் 1748ல் முதலில் மரத்தால் கட்டப்பட்டு, 1872ல் கல் கட்டடமாயிற்று. அதற்குப் பின்னும் தலைமுறை தலைமுறையாக நம்மவர் வந்துகொண்டேயிருந்தார்கள். நம் பெரியவர்களில் பலர் சிறு பையன்களாக ரஜூலா கப்பலில் வந்தவர்கள். 1973 வரை ஓடிய அந்தக் கப்பலில் ஏறிப் பினாங்கில் இறங்கி, உறவினர் கடையில் பெட்டியை வைத்து, அரிசி மூட்டையின் மீதே படுத்து எழுந்து முன்னுக்கு வந்தார்கள். அவர்களைக் குறைத்துப் பேச எனக்கு நாக்கு வராது.

ஆனால் இந்தக் கதையில் ஒரு குறை உண்டு. முன்னுக்கு வந்தவர்கள்தாம் கதை சொல்லுகிறார்கள். அதே கப்பலில் வந்து, அதே மூட்டை மீது படுத்து, நெஞ்சு நோய் கண்டு, கையில் ஒன்றுமில்லாமல் ஊர் திரும்பியவர்கள் நம் கூட்டங்களில் எழுந்து பேசுவதில்லை. இலாபக் கணக்கை மட்டும் எழுதி நஷ்டக் கணக்கை எழுதாத பேரேடு சரியான பேரேடு ஆகாது.

இனி என் சொந்தப் பேரேட்டைத் திறக்கிறேன்.

1992ல் நான் ஆறாம் ஆண்டு படித்து, யு.பி.எஸ்.ஆர். பரீட்சை எழுதினேன். அந்த ஆண்டிறுதி விடுமுறையில் என் அத்தாவுக்கு முதுகில் அடிபட்டு மூட்டை தூக்க முடியாமல் போயிற்று. "லீவு முடியுற வரைக்கும் கடையில நில்லு தம்பி" என்றார்கள். சந்தோஷமாக நின்றேன். கல்லாப்பெட்டியின் சாவி என் இடுப்பில் தொங்கியது. ராஜாவாக இருந்தேன். பிறகு பள்ளிக்கூடம் திறந்தது. அத்தாவுக்கு முதுகு நேராகவில்லை. "இன்னும் ஒரு வாரம்" என்றார்கள். அந்த ஒரு வாரம் ஒரு மாதம் ஆயிற்று. கூடப் படித்தவர்கள் புதிய வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கடை வாசலில் பஸ்ஸுக்கு நிற்பார்கள். நான் உள்ளே சீனி கட்டிக்கொண்டிருப்பேன். யாரும் வந்து ஏன் என்று கேட்கவில்லை. ஆரம்பக் கல்வியே இந்நாட்டில் சட்டப்படி கட்டாயமானது 2003ல்தான். இடைநிலைப் பள்ளிக்குப் போகாதவனை யார் தேடுவார்கள்?

நேயர்களே, அந்த விடுமுறை எனக்கு இன்னும் முடியவில்லை.

என் அத்தாவின் மீது எனக்கு வருத்தமில்லை. அவர்கள் கொடியவர் அல்லர், முடியாதவர். அல்லாஹ் அவர்களுடைய கப்றை விசாலமாக்குவானாக. ஆயினும் ஒன்று மட்டும் இன்றும் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. "படிப்பு வேண்டுமா, கடை வேண்டுமா?" என்று என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானே கடையைத்தான் சொல்லியிருப்பேனோ என்னவோ. அப்படிச் சொல்லியிருந்தால் அது என் முடிவாக இருந்திருக்கும்.

இப்படிப்பட்ட நான் என் பிள்ளையிடம் எப்படி நடந்திருக்க வேண்டும்? எப்படி நடந்தேன் என்பதைக் கேளுங்கள்.

நம் கிளேபாங் கடற்கரையை அறியாதார் இல்லை. பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கோலாலம்பூரிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் வாகனங்கள் வரிசை கட்டி நிற்கும். தேங்காய் ஷேக் குடிப்பதற்கு ஒரு கூட்டம். கரையில் ஏற்றி நிறுத்தியிருக்கும் பழைய நீர்மூழ்கிக் கப்பலைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு ஒரு கூட்டம். சூரியன் சாயும்போது கடலோரத்தில் காற்று வாங்க மற்றொரு கூட்டம். எங்கள் போன்ற சிறு கடைக்காரர்களுக்கு ஆண்டின் பாதி வியாபாரம் அந்த நாட்களில்தான். அதாவது, ஊர்ப் பிள்ளைகள் ஓய்வெடுக்க வரும் அதே நாட்களில்தான் நமக்கு ஆள் பற்றாக்குறை. அதே நாட்களில்தான் நம் பிள்ளையும் வீட்டில் இருக்கிறான். நம்முடைய சோதனை அங்கே இருக்கிறது.

ஒரு விடுமுறையில் இரண்டு பையன்களைக் கடையில் வைத்தேன். ஒருவன் என் மூத்த மகன். அப்போது அவனுக்கு வயது 15. மற்றவன் எங்கள் தாமானில் குடியிருக்கும் ஒருவருடைய மகன். அவனுக்கு வயது 16. அந்தப் பையனின் தகப்பனார் அவனை என்னிடம் கொண்டுவந்து விட்டபோது, "எத்தனை மணிக்கு விடுவீங்க? சாப்பாட்டுக்கு எத்தனை நேரம்? சம்பளம் எவ்வளவு?" என்று நயமாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னேன். சொன்னபடியே நடந்தேன். அந்தப் பையன் மணி பார்த்து வந்தான். மணி பார்த்துப் போனான். சனிக்கிழமை தோறும் சம்பளம் வாங்கினான்.

என் மகனுக்கோ மணியுமில்லை, சம்பளமுமில்லை. காலையில் கடை திறக்கும்போது வந்தவன் இரவு பதினொரு மணிக்கு என்னோடு கதவை இழுத்துச் சாத்துவான். ஒரு நாள் கணக்கை முடித்துவிட்டுப் பார்க்கிறேன், அரிசி மூட்டையின் மீது தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருக்கிறான். வீட்டுக்குப் போகும் வழியில், "அத்தா, இந்த லீவுல எனக்குன்னு எத்தனை நாளு?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. கணக்குக் கேட்பவன் போலக் கேட்டான்.

எனக்குப் பதில் தெரியவில்லை. "இதெல்லாம் உனக்குப் பயிற்சிதானே" என்று ஏதோ சொல்லி மழுப்பினேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை. பயிற்சி என்று சொன்னேனே, என்ன பயிற்சி கொடுத்தேன்? பெட்டி பிரிக்கச் சொன்னேன், தண்ணீர்ப் புட்டி அடுக்கச் சொன்னேன், தரை கூட்டச் சொன்னேன். கொள்முதல் விலை என்ன, எந்தச் சரக்கில் எவ்வளவு நிற்கிறது, யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்கு எப்படி முகம் கோணாமல் மறுப்பது என்று எதையாவது சொல்லிக்கொடுத்தேனா? இல்லை. ஒரு ஆளின் சம்பளத்தை மிச்சம் பிடித்துவிட்டு, அதற்குப் பயிற்சி என்று பெயர் வைத்திருக்கிறேன். அளவில் குறைத்து விற்பவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

அந்நியர் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்த நியாயத்தை என் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை என்பதே என் குற்றம். தேநீர்க் கடையில் நான் வாய் திறவாததற்கு இதுதான் காரணம்.

சட்டம் என்ன சொல்லுகிறது என்று பிறகு விசாரித்தேன். இந்நாட்டில் 1966ஆம் ஆண்டிலேயே குழந்தைகள், இளையோர் வேலைச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. 2019ல் அது திருத்தப்பட்டது. 15 வயதுக்குட்பட்டவர்களுக்குக் குடும்பத் தொழிலில் இலேசான வேலை போன்ற சிலவற்றுக்கே இடமுண்டு. 15 முதல் 18 வயதுக்குட்பட்ட இளையோர் நாளொன்றுக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யலாகாது. தொடர்ந்து நான்கு மணி நேரம் நின்றால் அரை மணியாவது இளைப்பாற விட வேண்டும். இரவு 8 மணிக்கு மேல் வைத்திருக்கலாகாது. வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. இதையெல்லாம் கேட்டபோது, அந்தப் பக்கத்து வீட்டுப் பையனின் தகப்பனார் நினைவுதான் எனக்கு வந்தது. அவர் நயமாகக் கேட்ட கேள்விகள் இவைதானே!

தாயகத்திலும் இவ்விவகாரம் பெரிதாக எழுந்தது. இந்திய அரசு 2016ல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தி, 14 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதைத் தடை செய்தது. ஆனால் பள்ளி விட்ட பிறகும் விடுமுறை நாட்களிலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை உதவி செய்யலாம் என்று ஒரு விலக்கு வைத்தது. விடுமுறை என்ற சொல்லே அந்தச் சட்டத்தில் இருக்கிறது. பிள்ளைகளின் நலனுக்குப் பாடுபடுவோர் பலர் அவ்விலக்கைக் குறை கூறினார்கள். குடும்பம் என்ற திரைக்குப் பின்னால் எத்தனை மணி நேரம் வேலை நடக்கிறது என்று யார் போய்ப் பார்ப்பது என்பது அவர்கள் வாதம். விலக்கு வேண்டும் என்றவர்களோ, தகப்பனின் தொழிலைப் பிள்ளை அறியாமல் வளர்வது நல்லதா என்று கேட்டார்கள்.

இரண்டு தரப்பும் ஒரே இடத்தில் வந்து நிற்பதைப் பாருங்கள். தகப்பன் கடையில் பிள்ளை நிற்கும்போது, எந்த அதிகாரியின் கண்ணும் அங்கே எட்டுவதில்லை. பிள்ளையும் புகார் கொடுக்கப் போவதில்லை. ஆகவே அங்கே சட்டமும் தகப்பன்தான், சாட்சியும் தகப்பன்தான், தீர்ப்புச் சொல்பவனும் தகப்பன்தான். யாரும் பார்க்காத இடத்தில் நிறுக்கும்போதுதான் வியாபாரியின் நாணயம் தெரியும் என்று நாம் சொல்லுவதில்லையா? தகப்பனுக்கும் அதே அளவுகோல்தான்.

நம் மார்க்கத்தின் வழியைக் காண்போம். உழைப்பு இழிவல்ல. நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இளமையில் மக்காவாசிகளின் ஆடுகளைக் கூலிக்கு மேய்த்தார்கள். கூலிக்கு என்ற சொல்லைக் கவனியுங்கள். உழைப்பவனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்று போதித்தவர்களும் அவர்களே. "சொந்த மகனாக இருந்தால் கொடுக்க வேண்டாம்" என்று எங்கும் சொன்னதாக நான் கேட்டதில்லை.

இன்னொரு வரலாறு. அனஸ் (ரலி) அவர்கள் சுமார் பத்து வயதுச் சிறுவராக இருக்கும்போது, அவர்களுடைய தாயார் மதீனாவில் அவரை நபியவர்களின் பணிவிடைக்குக் கொண்டுவந்து விட்டார்கள். ஒரு நாள் ஏதோ ஒரு வேலையாக நபியவர்கள் அவரை அனுப்பினார்கள். வழியில் கடைத்தெருவில் சிறுவர்கள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அனஸ் அங்கேயே நின்றுவிட்டார். சற்று நேரத்தில் யாரோ பின்னாலிருந்து பிடரியைப் பிடித்தார்கள். திரும்பிப் பார்த்தால் நபியவர்கள், சிரித்த முகத்தோடு! செல்லப் பெயர் சொல்லி அழைத்து, சொன்ன இடத்துக்குப் போனாயா என்று கேட்டார்கள். அவரும் இதோ போகிறேன் என்று போனார். பத்தாண்டுக் காலப் பணிவிடையில் தம்மை ஒரு முறையேனும் "சீ" என்று கடிந்ததில்லை என்று அனஸ் அவர்களே பிற்காலத்தில் சாட்சி சொன்னார்கள்.

இந்த வரலாற்றைச் சிறுவயதில் மதரஸாவில் பலமுறை கேட்டிருக்கிறேன். நபியவர்களின் பொறுமைக்கு உதாரணமாகவே உஸ்தாது சொல்லுவார். இப்போது நினைக்கும்போது வேறொன்றும் தெரிகிறது. வேலை ரத்தாகவில்லை, அனஸ் போய்த்தான் ஆக வேண்டும். ஆனால் ஒரு பத்து வயதுப் பிள்ளை விளையாட்டைக் கண்டு நின்றது குற்றமாகவும் கருதப்படவில்லை. அந்தச் சிரிப்பில் வேலையும் விளையாட்டும் ஒரே இடத்தில் இருக்கின்றன. நாமாக இருந்தால் பிடரியைப் பிடித்திருப்போம், சிரித்திருப்போமா?

1111ல் மறைந்த இமாம் கஸ்ஸாலி அவர்களும் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். பாடம் முடிந்து வரும் பிள்ளையை நல்ல விளையாட்டு விளையாட விட வேண்டும். ஓயாமல் பாடத்தையே திணித்தால் அவன் உள்ளம் செத்துவிடும், அறிவு மழுங்கிவிடும், தப்பித்துக்கொள்ளத் தந்திரம் தேட ஆரம்பிப்பான் என்பது அவர்கள் கருத்து. பாடத்துக்கே இப்படியென்றால் பெட்டி அடுக்குவதற்கு என்ன சொல்லியிருப்பார்கள்?

அப்படியானால் விடுமுறை முழுவதும் ஓய்வா? அதையும் நான் சொல்லவில்லை. ஓய்வும் ஒரு முதல். போட்டதைக் கணக்குப் பார்க்காமல் வீணடிப்பவன் நஷ்டப்படுவான். என்றாலும் அந்த முதலுக்குச் சொந்தக்காரன் பிள்ளை. அவனே அதைச் செலவழிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். நாம் ஒவ்வொரு மணியையும் நிரப்பிக் கொடுத்தால் எப்போது கற்றுக்கொள்வான்?

இவ்விடத்தில் இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. தேநீர்க் கடையில் நாங்கள் ஒரு மணி நேரம் பேசினோம். அத்தனையும் ஆண் பிள்ளைகளைப் பற்றித்தான். எங்கள் பெண் பிள்ளைகளுக்கு விடுமுறையில் வேலையா ஓய்வா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏன்? அவர்கள் வேலை செய்வது நம் கண்ணுக்கு வேலையாகவே தெரிவதில்லை. விடுமுறை தொடங்கிய அன்றே என் மகள் அடுப்படிக்குப் போய்விடுகிறாள். கடைக்கு வரும் சாப்பாடும், தம்பிமார் துணியும் அவள் கையில். இதை நான் எழுதப்போவதைக் கேள்விப்பட்ட என் வீட்டார், "இப்பவாவது தெரிஞ்சுதே" என்று மட்டும் சொன்னார்கள்.

கடந்த ஆண்டிறுதி விடுமுறையில் நான் செய்ததைச் சொல்லி முடிக்கிறேன். இது உபதேசமல்ல, என் கடையின் வரவு செலவு. விடுமுறை தொடங்குமுன் மகனையும் மகளையும் உட்கார வைத்து, நாட்களை இரண்டாகப் பகுத்தேன். முதற் பாதி அவர்களுடையது. இரண்டாம் பாதியில் மகன் விரும்பினால் கடைக்கு வரலாம். வந்தால் நேரமும் சம்பளமும் வெளி ஆளுக்கு உள்ளதே. குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்பது 2025 ஆகஸ்ட் முதல் எங்களைப் போன்ற சிறு கடைகளுக்கும் வந்துவிட்டது. அதை மணிக்கணக்காகப் பிரித்து அவன் பெயரில் எழுதினேன். இரவு எட்டு மணிக்குள் வீடு. தினமும் அரை மணி நேரம் கொள்முதல் புத்தகத்தை அவன் முன் திறந்து வைப்பது என் கடமை. வீட்டில் மகளின் முறை வரும் நாட்களில் பாத்திரம் கழுவுவது தம்பிமார் பொறுப்பு.

நஷ்டம் இல்லாமலில்லை. ஓர் ஆளை வெளியிலிருந்து வைத்தேன்; கையில் நின்ற இலாபம் குறைந்தது. முதற் பாதியில் மகன் உருப்படியாக என்ன செய்தான் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. தூங்கினான், சைக்கிளைக் கழற்றிப் போட்டு இரண்டு நாள் மாட்டாமல் வைத்திருந்தான், அஸருக்குப் பின் கடலோரத்தில் தூண்டில் போட்டு ஒரு மீனும் கொண்டுவரவில்லை. சில நாள் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. வாயை அடக்கிக்கொள்வதுதான் அந்த விடுமுறையில் எனக்குக் கிடைத்த பயிற்சி.

இரண்டாம் பாதியில் கடைக்கு வந்தான். மூன்றாம் நாள் கொள்முதல் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன், "அத்தா, இந்த பிஸ்கட்டுல நமக்கு ஒண்ணுமே நிக்கலையே, எதுக்கு இத்தனை பெட்டி எடுக்கிறோம்?" என்றான். உண்மைதான். பழக்கத்தால் எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். முன் விடுமுறையில் அதே பெட்டிகளை எத்தனை நாள் அவன் அடுக்கினான்! அப்போது கேட்கத் தோன்றவில்லை; நான் புத்தகத்தைக் காட்டவுமில்லை.

ஆகவே, வேலையா ஓய்வா என்று சண்டையிடுவதற்கு முன் நாம் ஒவ்வொருவரும் நம்மையே ஒன்று கேட்டுக்கொள்வோம்: இந்த ஏற்பாடு பிள்ளைக்காகவா, எனக்காகவா? எனக்காக என்றால் அதில் வெட்கமில்லை. குடும்பம் என்றால் ஒருவருக்கொருவர் தோள் கொடுக்க வேண்டியதுதான். கஷ்ட காலத்தில் பிள்ளையின் உதவி தேவைப்படலாம். அப்போது, "தம்பி, எனக்கு முடியவில்லை, உன் உதவி வேண்டும், இத்தனை நாள் மட்டும்" என்று சொல்லிக் கேட்போம். நாளைக் குறித்துக் கேட்போம். குறித்த நாளில் விட்டுவிடுவோம். உதவியை உதவியென்று சொல்லி வாங்குவது ஒன்று. பயிற்சி என்று பெயர் மாற்றி எடுத்துக்கொள்வது வேறொன்று.

என் அத்தா என்னிடம் அப்படிக் கேட்டிருந்தால், அந்த விடுமுறை அந்த ஆண்டோடு முடிந்திருக்கும். நம் பிள்ளைகளின் விடுமுறைகளாவது அந்தந்த ஆண்டோடு முடியட்டும். வல்ல அல்லாஹ் நம் தராசுகளை நேராக்கி, நம் இல்லங்களில் பரக்கத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.